ஆறு சேருக்கு வாடகை

மாதத்தின் முதல் புதன், காலை ஏழே முக்கால்.
திப்பிரமலைக் குருசடி முற்றத்தில்
நாற்பத்திரண்டு பேர்.
ஆளுக்கு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.
அண்டியாபீஸ் சங்கு ஊதும் முன்னே
வசூல் முடிந்தாக வேண்டும்.
நோட்டுகளில் தோட்டெண்ணெய் மணக்கும்.
மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியிலுள்ள
எங்கள் ஆபீஸ் மேசைவரை அந்த மணம் வரும்.
அதற்கப்பால் எங்கே போகிறதென்று
நான் கேட்டதில்லை.

பத்தாம் தவணையன்று
லில்லிபுஷ்பம் பணத்தை நீட்டினாள், விடவில்லை.
ஒரு முனை என் விரலில்,
மறுமுனை அவளுடைய கறுத்த விரல்களில்.

"சஜினே, ஒரு சம்சயம்.
எனக்க மகளுக்க நிச்சயத்துக்கு
இருபத்திநாலு பிளாஸ்டிக் சேர் வாடகைக்கு எடுத்தேன்.
பதினெட்டைத் திருப்பிக் குடுத்தாச்சு.
வீட்டுல கெடக்கது ஆறு.
பந்தல்காரன் இருபத்திநாலுக்கும்
இன்னும் வாடகை கேட்டா
நீ குடுப்பியா மக்ளே?"

"அவன் கேப்பானா அக்கா?"
சிரித்தேன்.

"அவன் கேக்கமாட்டான். நீ கேக்குறே."

வாங்கியது இருபத்து நாலாயிரம்.
மாதம் இரண்டாயிரம் முதலில் கழிந்து
மிச்சம் நின்றது ஆறாயிரம்.
வட்டி மட்டும் முதல் மாதம் போலவே
இருநூற்று நாற்பது.
நூற்றுக்கு ஒன்று என்றுதான் கொடுத்தோம்.
அன்று காலை அது நூற்றுக்கு நான்கு.
கடைசி மாதம் பன்னிரண்டு.
"தவணையைச் சொல், விகிதத்தைச் சொல்லாதே":
மூன்று நாள் ஏசி அறையில்
எனக்குக் கற்றுத்தந்தது அதுதான்.

அவளுக்கோ எடுத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி,
நொறுங்கினால் அதிலும் வெட்டு.
இருபது வருடமாகத் தராசு முள்ளையே பார்த்த கண்
என் அச்சடித்த அட்டையை
ஒருதரம் பார்த்திருக்கிறது,
அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி அன்றே
அண்டியாபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தது.
ஓமனா அதைப் போனில் பாலூர்த் தங்கைக்குச் சொன்னாள்.
சரோஜினி நகைக்கடன்காரனிடம் கேட்டாள்;
அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.
அடுத்த வருடம் கருங்கலில் கூட்டுறவு வங்கியில் போய்,
மிச்ச முதலுக்கு மட்டும்தான் வட்டி என்று
எழுதிக் கேட்டு வாங்கினார்கள்.
எனக்கு மிஞ்சியது மூன்று பேர்.
அதில் ஒருத்தி, கணக்குத் தெரிந்தும்
என்மேல் இரக்கப்பட்டவள்.

ஆளுக்கு ஆயிரத்து முந்நூற்று இருபது.
முப்பத்தொன்பது பேருக்கு
ஐம்பத்தோராயிரத்து நானூற்று எண்பது.
பாலத்துக்கு வராமல் நின்றுபோன அந்தப் பணம்
ஊரில் என்னதான் செய்கிறதென்று
பார்க்கவே ஒருநாள் போனேன்.
டெய்லர் கடையில் இரண்டாவது மிஷின்.
மருந்துக்கடைப் பற்றுநோட்டு மெலிந்திருந்தது.
பேக்கரியில் சனிக்கிழமை
ஐந்து மணிக்கே முட்டை பப்ஸ் தீர்ந்துவிடுகிறது.
லில்லிபுஷ்பம் கண்ணாடி போட்டிருந்தாள்,
இனி சின்ன எழுத்தையும் படிப்பாள்.
டீக்கடை டிவியில் நாட்டின் வளர்ச்சி என்று
ஒரு எண், ஒரு புள்ளி, இன்னொரு எண்.
அந்தப் புள்ளிக்கப்பால்
எத்தனை பூஜ்ஜியம் கடந்தால்
இந்த முட்டை பப்ஸ் வரும்?

எனக்கு ஊக்கத்தொகை நின்றது,
பைக் தவணை நிற்கவில்லை.
ஒரு ராத்திரி அதன் அட்டையைத் திருப்பிப்போட்டுக் கணக்குப் பார்த்தேன்.
நானும் கட்டிக்கொண்டிருக்கிறேன்,
எப்போதோ திருப்பிக் கொடுத்த சேருக்கெல்லாம்.

இப்போது ஆரல்வாய்மொழிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.
புது சென்டர், முப்பத்தாறு பேர்.
தவணையைச் சொன்னேன்.
விகிதத்தைச் சொல்லவில்லை.
"சந்தேகம் உண்டா?" என்று கேட்டுவிட்டுப்
பேனாவை மூடாமல் நின்றேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
தலைக்குமேல் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.
முன்வரிசையில் ஒருத்தி வாய் திறந்தாள்.
பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"கையெழுத்து எங்க போடணும்?"